இரண்டு ஷிப்டுக்கு நடுவில்

“நான் சொல்றதை முழுசாக் கேளுங்க—”

“கேட்டாச்சு. நடக்காது.”

“இன்னும் நான் சொல்லவே ஆரம்பிக்கலை!”

“நீ வாயைத் திறக்கும்போதே தெரியுது, என் வேலைக்கு உலை வைக்கப் போறேன்னு.”

“அப்ப என் வேலை? அது என்ன கிள்ளுக்கீரையா?”

“கத்தாதே. மேல் வீடு, கீழ் வீடு எல்லாம் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கு.”

“உக்காந்திருக்கட்டும். அதுல யாராவது ஒருத்தர் வந்து இவளைப் பாத்துக்கறேன்னு சொன்னா இன்னும் சத்தமாவே கத்துறேன்!”

இவள் என்றது மேஜைக்கு அடியில் இருந்தது. ஏழு வயது, ஒல்லி உடம்பு, கூரான நாக்கு. பேரைச் சொல்லி யாரும் கூப்பிடுவதில்லை, குண்டூசிதான். அம்மாவும் அப்பாவும் சண்டை போட்டால் மேஜைக்கடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். பயத்தால் அல்ல, அங்கேதான் நன்றாகக் கேட்கும்.

அப்பா பஸ் ஓட்டுகிறவன். அம்மா ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைக் கத்தி, கத்தரிக்கோல்களைக் கழுவி, கொதிக்கிற ஆவியில் வைத்து எடுக்கிறவள். நோய் ஊரைப் பிடித்த நாளிலிருந்து பள்ளிக்கூடம் பூட்டித்தான் கிடந்தது. இருந்தாலும் இவர்களைப் போல வீட்டில் உட்கார முடியாதவர்களின் பிள்ளைகளுக்கென்று ஒரே ஒரு வகுப்பறையைத் திறந்து வைத்திருந்தார்கள். இப்போது பெரிய விடுமுறை வந்துவிட்டது. அந்த அறைக்கும் பூட்டு. டீச்சர்களுக்கும் மூச்சுவிட நேரம் வேண்டாமா? வேண்டும்தான். நோய்க்கு விடுமுறை விடத்தான் யாரும் இல்லை.

காலையில் இருட்டோடு அவன் போய்விடுவான். மதியம் வரை பிள்ளையோடு அவள் இருப்பாள். அவள் கைகால் கழுவி கையுறை மாட்டிக்கொண்டு உள்ளே போக வேண்டிய நேரத்துக்கும், அவன் கடைசி ட்ரிப் முடித்து இறங்குகிற நேரத்துக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி. ஒரு சினிமா இடைவேளை வரைக்கும் ஓடுமே, அவ்வளவு நேரம். அந்தக் கொஞ்ச நேரத்துக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை.

“உன் தம்பியைக் கேட்டியா?”

“கேட்டேன். ‘அக்கா, நீ வேலை பாக்குற இடம் அப்படி, என் வீட்டுல கைக்குழந்தை இருக்கு’ங்கிறான். கல்யாணத்துக்கு முன்னாடி என் தட்டுல இருந்து எடுத்துத் தின்னவன்.”

“எதிர் வீட்டம்மா?”

“அவங்க வீட்டுக்காரருக்கு மூச்சிரைப்பு. கதவைத் திறக்காமலே பேசினாங்க. தப்புச் சொல்ல முடியுமா? உங்க அக்கா?”

“ஊரையே அடைச்சு வெச்சிருக்கான். பறந்தா வருவா?”

“அப்ப நீங்க லீவு போடுங்க.”

“பாதிப் பேர் இருமிக்கிட்டு வீட்டுல கிடக்கறான். நானும் போகலைன்னா அந்த வழியில வண்டியே இல்லை. நீ போடு.”

“ஏற்கெனவே இவ காய்ச்சலுக்குப் போட்டாச்சு, உங்க காய்ச்சலுக்கும் போட்டாச்சு. இன்னொரு நாள் வரலைன்னா வேற ஆளை எடுத்துக்கறேன்னு மேற்பார்வை அம்மா முகத்துக்கு நேரா சொல்லிட்டாங்க. எத்தனை வருஷமா தற்காலிகம் தற்காலிகம்னு நிக்கறேன்! இதை விட்டா இனிமே எனக்கு எவன் வேலை குடுப்பான்?”

அவள் குரலை இறக்கினாள். புருஷன் வாயடைத்த நேரம்தான் காரியம் நடக்கிற நேரம் என்று அவளுக்குத் தெரியும்.

“உங்க வண்டி ஆஸ்பத்திரி வாசல்ல நிக்குதுல்ல? நான் உள்ளே போற நேரத்துக்கு வர்றதுதானே உங்க கடைசி ட்ரிப்பு? இவளை ஏத்தி விட்டுடறேன். உங்க முதுகுக்குப் பின்னாடி உக்காருவா. டிப்போவுக்கு வெளியே, அந்தக் கடைசி நிறுத்தத்துல இறங்கி நிக்கட்டும். வண்டியை விட்டுட்டு வந்து கூட்டிட்டுப் போயிடுங்க.”

“வேலை நேரத்துல வீட்டு ஆளுங்களை ஏத்தக் கூடாது. இந்த நோய் வந்ததுல இருந்து சட்டம் அப்படி. மச்சானை ஏத்தின ஒருத்தரை வண்டியை விட்டே இறக்கிட்டாங்க.”

“மச்சான் வாய் பேசினான், மாட்டினான். இவ உங்க பொண்ணுன்னு நெத்தியிலயா எழுதி ஒட்டியிருக்கு? டிக்கெட் எடுத்துட்டு வர்ற பயணி, அவ்வளவுதான்.”

மேஜைக்கடியிலிருந்து குரல் வந்தது. “அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?”

அவன் குனிந்து பார்த்தான். சிரிப்பை அடக்கிக்கொண்டு விரலை ஆட்டினான்.

“இங்க பாரு குண்டூசி. பஸ்ஸுல நான் அப்பா இல்லை. டிரைவர். என்கிட்ட பேசக் கூடாது. கூப்பிடக் கூடாது. யாரோட பொண்ணுன்னு யார் கேட்டாலும் சொல்லக் கூடாது. சொன்னா அப்பாவுக்கு வேலை போயிடும்.”

“சிரிக்கலாமா?”

“மாஸ்க்குக்குள்ள சிரிச்சுக்கோ.”

திட்டம் எண்ணெய் போட்ட கதவு மாதிரி நடந்தது. கண்டக்டர் இல்லாத வண்டி, பயணிகள் பின்வாசலில்தான் ஏறி அங்கேயே டிக்கெட் எடுக்க வேண்டும். பாதி இருக்கைகளில் உட்காராதே என்று பட்டை ஒட்டியிருந்தது. டிரைவரைச் சுற்றி ஒரு கெட்டி பிளாஸ்டிக் திரை, மழைநாள் கண்ணாடி மாதிரி மங்கல். அவள் பிள்ளையை ஏற்றிவிட்டு, சுற்றிக்கொண்டு ஓடிவந்து, டிரைவர் பக்கத்து ஜன்னலைத் தட்டி, மறந்தது மறக்காதது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்வாள். தொப்பியும் மாஸ்க்குமாக அவன் தலையை ஆட்டுவான். அவள் வாசலுக்குள் ஓடுவாள். குண்டூசி முதுகுக்குப் பின்னால் ஊமையாக வருவாள். அவளை அப்படி வாய்மூடி அவன் பார்த்ததே இல்லை. இந்த ஏற்பாட்டை வீட்டுக்குள்ளேயும் கொண்டுவந்தால் என்ன என்றுகூட ஒருநாள் நினைத்தான்.

விடுமுறையின் இரண்டாவது வாரத்தில் ஒருநாள், கடைசி ட்ரிப்புக்கு முன்னால் டிப்போவில் டைம் கீப்பர் கைதட்டிக் கூப்பிட்டார்.

“உன் வண்டியை மீசைகிட்ட குடுத்துடு. நீ ரயில் நிலைய வண்டியை எடு. அந்த வண்டிக்காரன் இருமினான், வீட்டுக்கு அனுப்பிட்டேன்.”

“சார், மீசை அண்ணனே அதை எடுக்கலாமே?”

“அவனுக்கு அந்த வழி தெரியாது. உனக்குத் தெரியும்.”

“இல்லை சார், என் வழியில ஒரு…”

“என்ன ஒரு? ஆஸ்பத்திரி வாசல்ல யாராவது உனக்காகக் காத்துக்கிட்டிருக்காங்களா?”

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் சட்டம்.

“யாரும் இல்லை சார்.”

சக டிரைவர் மீசையிடமாவது காதோடு காதாகச் சொல்லிவிடலாம் என்று திரும்பினான். மீசை ஏற்கெனவே வண்டியைக் கிளப்பி வாசலைத் தாண்டிக்கொண்டிருந்தான். மனைவிக்குத் திரும்பத் திரும்பப் போன் போட்டான். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வீட்டை விட்டுக் கிளம்பும்போதே அவள் போனின் வாயை அடைத்துப் பைக்குள் போட்டுவிடுவாள். கருவி அறைக்குள் மணி அடித்தால் மேற்பார்வை அம்மாவுக்கு ஆகாது.

ரயில் நிலையத்துக்குப் போகிற வழி நெடுக அவன் கண் சாலையில் இருந்தது, மனசு ஆஸ்பத்திரி வாசலில் இருந்தது. வண்டி வரும். ஜன்னலில் வேறு ஆள் இருப்பான். அவள் பிள்ளையை ஏற்றமாட்டாள். ஏற்றாமல் என்ன செய்வாள்? கையில் பிடித்தபடி நடைபாதையில் நிற்பாள். உள்ளே அவள் இடத்தில் இன்னொருத்தி உறை மாட்டிக்கொண்டு நிற்பாள். ‘இன்னொரு நாள் வரலைன்னா’ என்று அந்த அம்மா சொன்ன நாள் இன்றைக்கு வந்துவிட்டது. வருஷக்கணக்காக அவள் கொதிநீரில் வேக வைத்த கை, என் ஒரு பொய்யால் வெறுங்கையாகப் போகிறது. சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம் தன்னைத்தானே திட்டிக்கொண்டான். வாயில்லாப் பூச்சி. சொல்ல வேண்டியதுதானே? யாராவது தலையையா சீவுவார்கள்?

அவள் ஏற்றிவிட்டிருப்பாள் என்று மட்டும் அவனுக்குத் தோன்றவேயில்லை.

டிப்போவுக்குத் திரும்பி வண்டியை நிறுத்தியதும் டைம் கீப்பர் அறை வாசலில் கூட்டம். எட்டிப் பார்த்தான்.

முக்காலியில் குண்டூசி. மடியில் பை. கால் தரையில் எட்டவில்லை. எதிரே டைம் கீப்பர் குந்தி உட்கார்ந்திருந்தார். அந்த மனுஷன் யார் முன்னாலும் குந்தி அவன் பார்த்ததில்லை. பக்கத்தில் மீசை, மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, நசுங்கிப்போன மீசையை நீவிக்கொண்டிருந்தான்.

“கண்ணு, உன் பேர் என்ன?”

“சொல்லக் கூடாது.”

“அப்பா என்ன வேலை பாக்குறாரு?”

“சொல்லக் கூடாது.”

“யாரு சொல்லக் கூடாதுன்னது?”

“அதையும் சொல்லக் கூடாது.”

டைம் கீப்பர் நிமிர்ந்து மீசையைப் பார்த்தார். “நீயாவது ஒழுங்காச் சொல்லித் தொலை.”

“சார், ஆஸ்பத்திரி நிறுத்தத்துல ஒரு அம்மா ஓடிவந்து ஜன்னலைத் தட்டிச்சு. ‘டப்பாவுல சாப்பாடு இருக்கு, மீதி வைக்காம சாப்பிட வைங்க, போற வழியில பால் வாங்கிடுங்க, துணியை எடுத்து உள்ளே போடுங்க’ன்னு மூச்சு விடாம சொல்லிட்டு ஓடிடுச்சு.”

“நீ என்ன சொன்னே?”

“தலையை ஆட்டினேன்.”

“யாருன்னே தெரியாம ஏன்யா ஆட்டினே?”

“இருபது வருஷமா வீட்டுல இதைத்தானே சார் பண்றேன்? பொம்பளைக் குரல்ல பால்னு கேட்டாலே தலை தானா ஆடுது.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். மீசை சிரிக்கவில்லை.

“கடைசி நிறுத்தத்துல இந்தப் பாப்பா இறங்கி ஓரமா நின்னுது. அரைமணி கழிச்சு டீ குடிக்க வெளியே வர்றேன், அப்பவும் நிக்குது. அழக்கூட இல்லை சார். ஒத்தையில விட்டுட்டு வர மனசு வரலை, கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டேன். என் மீசையைப் பாத்திருந்தா அந்த அம்மா ஏமாந்திருக்காது. எல்லாம் இந்த மாஸ்க்கு.”

டைம் கீப்பர் வாசலில் நின்றவர்களைக் கையால் காட்டினார். “கண்ணு, பயப்படாம பாத்துச் சொல்லு. இவங்கள்ல யாரையாவது உனக்குத் தெரியுமா? இவரை?”

அவர் விரல் குண்டூசியின் அப்பா நெஞ்சுக்கு நேராக நின்றது.

குண்டூசி அவனைப் பார்த்தாள். தொப்பியைப் பார்த்தாள், சட்டைப் பொத்தானைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள்.

“தெரியாது” என்றாள்.

அவன் தொப்பியைக் கழற்றினான். ஒரு எட்டு வைத்து உள்ளே போனான்.

“என் பொண்ணு சார்.”

“நான் சொல்லலைப்பா!” குண்டூசி அத்தனை நேரம் பிடித்து வைத்திருந்ததெல்லாம் உடைந்தது. “நான் ஒண்ணுமே சொல்லலை! சத்தியமா சொல்லலை!”

அவன் தூக்கிக்கொண்டான். தள்ளி நிற்க வேண்டும் என்கிற சட்டமெல்லாம் அப்போது யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அவள் அவன் தோளில் மாஸ்க்கோடு மூக்கைத் தேய்த்தாள்.

“வேற ஆளுன்னு உனக்குத் தெரியலையா?”

“ஏறினதுமே தெரியும். காது வேற மாதிரி இருந்துச்சு.”

“அம்மாகிட்ட சொல்லியிருக்கலாம்ல?”

“அம்மா ஓடிட்டா. டிரைவர்கிட்ட பேசக் கூடாதுன்னு நீதானே சொன்னே.”

டைம் கீப்பர் முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மற்றவர்களை விரட்டினார். மீசை போகிற போக்கில் குண்டூசியின் அப்பா காதருகே, “என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வீடு வரைக்கும் கொண்டு வந்து விட்டிருப்பேனே, மடையா” என்றான். அவன் தலைகுனிந்தான்.

“யாராவது காத்திருக்காங்களான்னு கேட்டேனா இல்லையா?” என்றார் டைம் கீப்பர்.

“கேட்டீங்க சார்.”

“என்ன சொன்னே?”

“யாரும் இல்லைன்னேன்.”

“பிள்ளைகிட்டச் சொன்ன சட்டத்தை அது காப்பாத்திச்சு. நீ என்கிட்ட உண்மை பேசலை.” அவர் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்றிருந்தது. “இன்னைக்கு நடந்தது இந்த அறையோட போகட்டும், நான் மேலே சொல்லலை. ஆனா இனிமே இவ வண்டியில ஏறக் கூடாது. நாளைக்கு ஏறினா நீ இறங்கணும். என் கையில அவ்வளவுதான் இருக்கு.”

“வேற வழி இல்லை சார். அந்தக் கொஞ்ச நேரம்…”

“எனக்கு மட்டும் தெரியாதா? என் மகளும் பேரனை வெச்சுக்கிட்டு இதே பாட்டைத்தான் பாடறா. வழி இருந்தா நான் அவளுக்குச் சொல்லியிருக்க மாட்டேனா?”

டிப்போவுக்கு வெளியே கடைகள் பாதி சாத்தியிருந்தன. பால் வாங்கினான். குண்டூசி ஒரு கையில் பால் பையையும் மறு கையில் அவன் விரலையும் பிடித்தபடி, “நாளைக்கு நான் வீட்டுல தனியாவே இருந்துக்கறேன், கதவைப் பூட்டிட்டுப் போயிடுங்க” என்றாள். “வாயை மூடு” என்றான். கோபத்தில் சொன்னதல்ல.

போன் அடித்தது. அவள்தான். டீ இடைவேளை போல. பின்னால் தள்ளுவண்டிச் சக்கரம் உருள்கிற சத்தம்.

“என்னங்க, மதியம் இத்தனை தடவை கூப்பிட்டிருக்கீங்க! பால் எந்தப் பாக்கெட்டுன்னு கேக்கத்தானே? வீட்டுக்குப் போயாச்சா? சாப்பிட்டாளா?”

“ம்.”

“கேளுங்க, ஒரு சேதி. மேற்பார்வை அம்மா கூப்பிட்டாங்க. என்னவோ ஏதோன்னு போறேன், ‘உன்னை நிரந்தரம் பண்ணச் சொல்லிட்டேன்’னாங்க! எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. இந்த மாசம் முடியற வரைக்கும் ஒரு நாள்கூடத் தவறக் கூடாதாம், அவ்வளவுதான். நான் அன்னிக்கே சொன்னேன்ல, ஒண்ணும் ஆகாதுன்னு? நீங்கதான் குதியோ குதின்னு குதிச்சீங்க. கேக்குதா?”

“கேக்குது.”

“ஏன் ஒரு மாதிரி பேசறீங்க? களைப்பா? சரி சரி, என்னைக் கூப்பிடறாங்க. நாளைக்கு அந்த ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வைங்க, என்ன? நான் பாட்டுக்குப் பேசறேன், நீங்க சும்மா தலையை ஆட்டிட்டுப் போறீங்க.”