நெல்டா டிட்மோர் தேர்ந்தெடுத்த தூண்டில்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. மாற்றித் தரச் சொல்லி வந்த ஒரு பொருளோடு சேர்ந்து அதுவாகவே கடைக்குள் வந்தது.

என் பெயர் வேல். அலபாமாவில், கன்டர்ஸ்வில் ஏரிக்கரையில் பெட்ரோலும் ஐஸும் தூண்டில் சாமான்களும் விற்கிறேன். இருபத்திரண்டு வருடமாகிறது. ஒரு மார்ச் மாதக் காலையில் நெல்டா டிட்மோர் வந்து, அவர் கணவர் முந்தின நாள் என்னிடம் வாங்கிப்போன இளஞ்சிவப்புத் தூண்டிலைக் கல்லாமேல் வைத்தார்.

"இத நீயே வெச்சுக்க கண்ணு. எனக்கு நல்லதா ஒண்ணு குடு."

"பிடிக்கலையா, மிஸ் நெல்டா?" கல்யாணமானவர்களையும் இந்த ஊரில் மரியாதைக்கு ‘மிஸ்’ என்றுதான் கூப்பிடுவோம்.

"அறுபத்தஞ்சு வயசாச்சு. இதப் புடிச்சுக்கிட்டு நின்னா கல்யாணத்துல பூத்தூவ வந்த புள்ள மாதிரி இருக்கேன்."

(இதற்கு முன் இரண்டு தொடக்கங்களைக் கிழித்தேன். ஒன்று, ‘ஏரியின்மேல் மூடுபனி உலரப்போட்ட வெள்ளைச் சேலையைப்போல—’ என்று போனது. அலபாமாவில் யார் சேலை உலர்த்துகிறார்கள்? மற்றது ஹாலிஸ் டிட்மோரின் கொடுமையில் தொடங்கியது. அதைப் பிறகு சொல்கிறேன்.)

2

இந்தப் பகுதியை நாலு வரியில் முடித்திருக்கலாம். ஆனால் நெல்டா தேர்ந்தெடுக்க ஒன்றரை மணி நேரம் எடுத்துக்கொண்டார். எனக்கென்ன அவசரம்?

பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் இருபத்தேழு வருடம் சமைத்தவர். ஒவ்வொரு கம்பையும் பெரிய கரண்டியைத் தூக்கிப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கடைசியில் ஏழடிக் கறுப்புக் கம்பு ஒன்றை ஆட்டிக்கொண்டே நின்றார்.

"நுனி மட்டும் ஏன் இப்படி எளகுது?"

"மீன் தொட்டா கையில தெரியணும்ல."

"அடி ஏன் வெறப்பா இருக்கு?"

"தொட்டது புல்லுக்குள்ள போயிட்டா இழுத்து வெளிய எடுக்கணுமே."

"அப்ப இதான்."

தூண்டில் நரம்பைச் சுற்றுகிற ரீலில்தான் இடித்தது. பித்தானை அமுக்கி வீசுகிற மூடிய ரீலை நான் எடுத்து வைத்தேன். அவர் திறந்த உருளை ரீலைக் காட்டினார். வீசும்போது உருளையைக் கட்டைவிரலால் தடுக்க வேண்டும், ஒரு நொடி பிந்தினாலும் நரம்பு சுருண்டு குருவிக்கூடாகிவிடும் என்று எச்சரித்தேன்.

"ஹாலிஸ் எத வெச்சிருக்காரு?"

"இதத்தான்."

"அவருக்குக் கூடு கட்டாதா?"

"கட்டும். வெளிய சொல்ல மாட்டாரு."

"அப்ப எனக்கும் இதே."

நரம்புக்கு, கட்டையில் உரசினாலும் தாங்குகிற, தண்ணீருக்குள் அதிகம் தெரியாத பதினைந்து பவுண்டு இழுவைக்கும் அறாத நரம்பு.* இரைக்கு, ஹாலிஸ் வீசுகிற சிவப்புப் பொய்மீனைக் காட்டினேன். இழுத்தால் அதன் வயிற்றுக்குள் குண்டுமணிகள் கலகலக்கும். நெல்டா அதைத் தாண்டிப் போய் கருநீல ரப்பர் புழு ஒரு பாக்கெட்டும், அதை அடியில் இறக்கச் சின்ன ஈயக்குண்டுகளும் எடுத்தார்.

"சத்தம் போட்டாத்தான் திங்கும்னு யாரு சொன்னது? பசியில்லாத புள்ளகூட, தட்ட முன்னால வெச்சிட்டு நாம பேசாம நின்னா, திங்கும்."

* பின்னிய நரம்பு இன்னும் வலுவானது. ஆனால் அதில் சிக்கு விழுந்தால் பெரும்பாலும் கத்தரிதான் மருந்து. மீன் பிடிக்காதவர்கள் இந்தக் குறிப்பைத் தாண்டிப் போகலாம்.

3

ஹாலிஸை என்ன செய்வது?

முதல் பிரதியில் அவரை வில்லனாக்கியிருந்தேன். பள்ளிப் பேருந்துகளின் மெக்கானிக். நாற்பத்தொரு வருடமாக நெல்டாவின் கார், கண்ணாடிச் சட்டம், பல் வைத்தியர் வரை தானே தேர்ந்தெடுத்தவர். ‘கறுப்புக் கம்பைப் பார்த்ததும் ஹாலிஸ் கர்ஜித்து—’ என்று எழுதியிருந்ததை நெல்டாவுக்கு ஆங்கிலத்தில் சொல்லிக் காட்டினேன். அவித்த வேர்க்கடலையை உரித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"அடப் பாவி! அந்த மனுசன் ஒரு நாளும் கத்துனதில்ல. கத்தியிருந்தா நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். எல்லாத்தையும் அன்பாச் செஞ்சுபுடுவாரு. அதோட எப்படிச் சண்ட போடுறது?"

அந்தப் பிரதியைக் கிழித்தேன். நடந்தது இதுதான். நெல்டா கொல்லையில் துணிக்கூடையை வைத்து, கொக்கியில்லாத புழுவை மூன்று வாரம் அதற்குள் வீசிப் பழகினார். ஹாலிஸ் சமையலறை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கி எத்தன கூடு?"

"எண்ணல."

"நான் எண்ணுனேன். பதினாலு."

ஏப்ரலில் தேவாலயத்தின் ஜோடி மீன்பிடிப் போட்டி, படகுக்கு இரண்டு பேர். எல்லாவற்றிலும் பெரிய மீனைப் பிடித்தவரின் பெயரைக் கூடத்துப் பலகையில் எழுதி வைப்பார்கள். ஹாலிஸ் தன் நண்பர் டாய்லோடு பதினெட்டு வருடம் போயும் பெயர் ஏறவில்லை. நெல்டா அத்தனை வருடமும் கரையில் நின்று ரொட்டிக்குள் சீஸ் தடவினார். இந்த முறை, "நான் படகுல வர்றேன்," என்றார். ஹாலிஸ் ஒரு நாள் யோசித்தார். பிறகு டாய்லுக்கு வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லி அனுப்பினார்.

4

படகில் நான் இல்லை. இருவரும் தனித்தனியாகச் சொன்னதை வைத்து எழுதுகிறேன். வியப்பு என்னவென்றால், இரண்டும் ஒத்துப்போயின.

பதினொரு மணிக்குள் ஹாலிஸ் நாலு சின்ன மீன் பிடித்திருந்தார். நெல்டாவுக்கு ஐந்து குருவிக்கூடு. ஆறாவது விழுந்ததும் கம்பைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்.

"பித்தான் ரீலே எடுத்திருக்கலாம். சொல்லு. சொல்லிடு."

"நான் ஒண்ணுஞ் சொல்லலையே."

"அதான் எரிச்சலா வருது!"

ஹாலிஸ் தன் கம்பை ஓரமாக வைத்தார். நெல்டாவுடையதை மடியில் போட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நகத்தால் ஒவ்வொரு சுருளாக எடுத்தார். நாலைந்து நிமிடம். புழு அதுபாட்டுக்குப் புல்லோரத்தில் அடியில் கிடந்தது. கடைசிச் சுருள் விடுபட்ட நேரம், அவர் விரலுக்கடியில் நரம்பு மெல்லப் பக்கவாட்டில் நகர்ந்தது.

பழகிய கை யோசிக்கவில்லை. கம்பை ஓங்கி இழுத்தார், கொக்கி ஏறியது. அந்தக் கனத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது, இது பலகையில் பெயர் ஏற்றுகிற மீன்.

"புடி, நெல்டா! புடி!"

"நீயே இழு, போயிரப் போவுது!"

"உன் கம்பு இது!"

கம்பை நெல்டா கையில் திணித்துவிட்டு வலையைத் தேடினார். மீன் ஒரு முறை துள்ளியது. பிறகு புல்லுக்குள் பாய்ந்தது. கம்பின் விறைத்த அடி அதைப் புல்லோடு சேர்த்து வெளியே இழுத்து வந்தது. நெல்டா சுற்றச் சுற்ற, ஹாலிஸ் குனிந்து வலையில் ஏந்தினார்.

(வேறொரு முடிவும் இருந்தது. மீன் நரம்பை அறுத்துக்கொண்டு போகிறது, இருவரும் சிரிக்கிறார்கள். இலக்கியத்துக்கு அது நல்லது. நெல்டாவிடம் கேட்டேன். "போயிருச்சுன்னு எழுதிப் பாரு. அப்புறம் பெட்ரோல் வேற எடத்துலதான் போடுவேன்.")

5

எடை போட்டவன் நான். எல்லோருக்கும் சாமான் விற்கிறவன் யார் பக்கமும் சாய மாட்டான் என்று பாதிரியார் தராசையும் பலகையில் எழுதும் சாக்கட்டியையும் என்னிடம்தான் கொடுப்பார். ஏழு பவுண்டு இரண்டு அவுன்ஸ். அன்றைக்குக் கடைசிவரை அதை மிஞ்ச எதுவும் வரவில்லை.

"பேரு?"

"நெல்டா டிட்மோர்," என்றார் ஹாலிஸ். "ஹாலிஸ் டிட்மோர்," என்றார் நெல்டா. இரண்டும் ஒரே மூச்சில்.

"அவதான் இழுத்தா."

"கொக்கி ஏத்துனது அவரு. நான் தலையில கைவெச்சு உக்காந்திருந்தேன்."

"புழு யாரு வாங்குனது?"

"சிக்கு யாரு எடுத்தது?"

"சிக்கு யாரு போட்டது? சிக்கு விழலேன்னா புழு அங்க சும்மா கெடந்திருக்குமா?"

பின்னால், தன் மீன் கிடந்த தண்ணீர்ப் பையோடு நின்ற டாய்ல், "ரெண்டு பேருக்கும் வேணாம்னா எம்பேரப் போடு வேல். எம்மீனு சாவுது," என்றார்.

ஒரு பெயர்தான், பலகையில் இடமில்லை என்றார் பாதிரியார்.

நெல்டா என் காதருகே வந்தார். "அவரு பேரப் போடு கண்ணு. பதினெட்டு வருசம் ஏங்கியிருக்காரு." நெல்டா மீனைத் தண்ணீரில் விடப் போனதும் ஹாலிஸ் என் மறு காதுப் பக்கம் சாய்ந்தார். "அவ பேருதான் வேல். அவளா ஒண்ணத் தேர்ந்தெடுத்து நான் பாத்ததே இல்ல. நான்தான் விட்டதில்ல."

அன்று நான் எழுதினேன். டிட்மோர் தம்பதி தோளோடு தோள் இடித்துச் சிரித்துக்கொண்டேதான் வீட்டுக்குப் போனார்கள். எந்தப் பெயரென்று இங்கே எழுதினால், ஒருவர் கேட்டது கிடைக்காமல் போனதுபோல ஆகிவிடும். அது பொய். ஆகவே எழுத மாட்டேன்.

இப்போது என் இடத்தில் நின்று சாக்கட்டியை நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் ஒன்பது படகுக்காரர்கள் காத்திருக்கிறார்கள். முதலில் ‘டிட்மோர்’ என்று எழுதிவிட்டு, முன்னால் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள். யோசிக்க நேரம் கிடைக்கும். நானும் அப்படித்தான் செய்தேன்.