எட்டுக் கிண்ணம்

வாள், கோல், காசு மூன்றும் ஆர்த்திகாவுக்குப் பாடமாகிவிட்டன. கிண்ணம் மட்டும் நிற்கவில்லை.

குறி பார்க்கும் டாரட் சீட்டுக்கட்டில் இந்த நான்கு இனத்துக்கும் தலா பதினான்கு சீட்டு. கிண்ணச் சீட்டுகள் மனதைப் பற்றியவை என்றது கையேடு. அன்பு, பிரிவு, மன்னிப்பு. வாசித்து மூடியதும் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

சனிக்கிழமை சோதனை. கல்குடாவில் ஒரு கடற்கரை ஹோட்டலின் மனேஜர் சரீப், சீசன் மாலைகளில் வெள்ளைக்காரருக்குச் சீட்டுப் பார்க்க ஆள் தேடினார்.

"எனக்குப் பாக்க வேணாம் தங்கச்சி. எங்கட மார்க்கத்தில அது ஆகாது," என்றார். "குசினியில கண்ணகை அக்கா இரிக்கா. அவவுக்குப் பாத்துச் சொல்லுங்க, நான் தள்ளி நிண்டு கேக்கன். மேசை மட்டும் நீங்கதான் கொண்டு வரணும்."

சனிக்கிழமையில் இன்னொன்றும் இருந்தது. அதுவரைக்கும்தான் உதயரூபன் இந்த வீட்டில் இருக்கலாம்.

உதயரூபன் அவளுடைய கணவன். கட்டாரில் நான்கு வருடம் இருந்தான். கடைசி ஒரு வருடம் போன் எடுக்கவில்லை. போன மாதம் ஒரு பையோடு வந்து படலையில் நின்றான். ஏன் எடுக்கவில்லை என்று கேட்டாள். நிலத்தைப் பார்த்தான்.

"ஒரு மாசம் இருங்க. மறுகா வெல்லாவெளிக்கு, உங்கட அக்கா வீட்ட போங்க," என்றாள்.

தலையாட்டினான். முன்னறையில் படுத்தான். வாவியில் தொழிலுக்குப் போக என்று பழைய வலையைத் திருத்த எடுத்தான். ஒரு முழம்கூட முடியவில்லை. சோற்றைக் கரண்டியால் சாப்பிட்டான். கட்டார்த் துரை என்று அவள் பழித்தாள்.

வியாழன் பின்னேரம் அவள் விறாந்தையில் சீட்டுகளைப் பரப்பினாள். கச்சான் காற்று. பறக்காமலிருக்க அவனுடைய வலையின் ஈயக்குண்டுகளை எடுத்து வைத்தாள்.

"நான் காட்டட்டா?" என்றான் அவன் கதவடியில் நின்று. "நீ சொல்லு. பிழையெண்டா சொல்றன்."

"புத்தகம் இங்கிலீசு. வாசிப்பீங்களா?"

"நாலு வருசம் கட்டிடத்தில எச்சரிக்கைப் பலகை பாத்து வேலை செஞ்சவன். ஆபத்து எண்டு எழுதினதெல்லாம் நல்லா வாசிப்பன்."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள்.

எதிரே இருந்து இடது கையால் ஒவ்வொன்றாக உயர்த்தினான்.

"மூண்டு."

"கூட்டாளிமார். கொண்டாட்டம்."

"சரி. அஞ்சு."

"மூண்டு கிண்ணம் ஊத்துண்டு கிடக்கு. அதையே பாத்துக்கு நிக்கான். பின்னால ரெண்டு இரிக்கு, காணல்ல."

"சரி. எட்டு."

ஒவ்வொரு முறையும் இங்கேதான் நின்றுபோகிறாள். சிவப்புப் போர்வை போட்ட ஒருவன் தடியோடு மலைப்பக்கம் நடக்கிறான். முகம் தெரியாது. அவனுக்குப் பின்னால் எட்டுக் கிண்ணம்.

"விட்டுட்டுப் போறவன்," என்றாள். "கிறுகிக்கூடப் பாக்கல்ல."

அவன் புத்தகத்தைப் பார்க்கவில்லை. சீட்டைத் தன் பக்கம் திருப்பி வெகுநேரம் பார்த்தான்.

"அடுக்கியிரிக்கிறதப் பாரு. கீழ அஞ்சு, மேல மூண்டு. மேல ஒண்டுக்கு இடம் விட்டிரிக்கு."

வாங்கிப் பார்த்தாள். இருந்தது. இரண்டு கிழமையாகப் பார்த்த சீட்டு. அந்த இடைவெளியை அவள் கண்டதில்லை.

"குறையிறதத் தேடிப் போறான் போல," என்றான்.

"புத்தகத்தில அப்பிடி இல்ல."

"எழுதின ஆள் வெளிநாட்டுக்குப் போகல்ல போல."

"நல்லாக் கதைக்கீங்க. போன்தான் எடுக்கத் தெரியாது."

அவள் பதினான்கையும் சேர்த்து நீட்டினாள்.

"கலக்கித் தாங்க."

"நீயே கலக்கு."

"பாக்கிற ஆள் கலக்கிறல்ல. முன்னால இரிக்கிற ஆள்தான் கலக்கணும். கண்ணகை அக்காவும் அப்பிடித்தான்."

வாங்கினான். இடது கை சீட்டைத் தள்ளியது. வலது கை பிடிக்கவில்லை. கட்டு சரிந்து நிலமெங்கும் விழுந்தது. ஒரு சீட்டைக் காற்று படிவரைக்கும் கொண்டுபோனது.

அவன் பொறுக்கவில்லை. கையை மறைக்கவும் இல்லை. நடுவிரலும் அடுத்த இரண்டும் மடங்காமல் நீட்டியபடி நின்றன.

"எப்ப?"

"போன வருசம் சித்திரையில. மேல இருந்து இரும்புக் குழாய் விழுந்தது."

"சொல்லியிருக்கலாமே."

"என்னெண்டு சொல்ற? வலை வீச ஏலாது, மேசன் வேலை ஏலாது எண்டா? கை சரிவந்ததும் எடுப்பம் எண்டு இருந்தன். சரிவரல்ல."

அவள் எழுந்து சீட்டுகளைப் பொறுக்கினாள். சில தலைகீழாகக் கிடந்தன. தலைகீழுக்குக் கையேட்டில் வேறு பலன் உண்டு. அவள் பார்க்கவில்லை. படியில் கிடந்தது எட்டு. அதை எடுத்துத் தூசு தட்டினாள்.

"அப்ப கரண்டி?"

"ஓம்."

"துரை எண்டு நக்கலடிச்சன்."

"ஒருத்தரும் பேசாம இருந்தத விட அது நல்லாத்தான் இருந்த."

அவளுக்கு இன்னும் கோபம்தான். ஒரு வருடம் ஒரு வருடம்தான். ஆனால் இத்தனை நாளும் அவள் கோபித்தது வேறு யாரையோ.

"சனிக்கிழமை நான் எத்தின மணிக்கு வெளிக்கிடணும்?" என்று அவன் கேட்டான்.

"மூண்டு மணிக்கு."

தலையாட்டினான்.

"நான் ஸ்கூட்டி ஓடுவன்," என்றாள். "மடிப்பு மேசைய ஆர் பின்னால இருந்து பிடிச்சிக்கு வாற?"

நிமிர்ந்து பார்த்தான்.

"ஒரு கையாலதான் பிடிக்கலாம்."

"ஒரு கையே காணும்."

சீட்டுகளை அவன் முன்னால் வைத்தாள்.

"இன்னொருக்கா. ஒள்ளம் மெதுவா."

அவன் சீட்டுகளை நிலத்தில் கவிழ்த்துப் பரப்பி, இடது உள்ளங்கையால் வட்டமாகக் கலக்கத் தொடங்கினான். நேரம் எடுத்தது. அவள் காத்திருந்தாள்.