கரண்ட் வருவதற்குள்

இமாச்சலத்தில் மழை விட்டதா என்று செல்போனில் தேடிக்கொண்டிருந்தபோதுதான் முத்தாபுதுப்பேட்டையில் கரண்ட் போனது. ஆவணி மாதம். பகலெல்லாம் வறுத்தெடுத்த வெயில், விளக்கு வைக்கும் நேரத்தில் இடியும் காற்றுமாக மாறிக் கொட்டித் தீர்த்தது. எங்கள் தெருவில் முக்கால்வாசி வீடுகளின் ஆண்கள் துணை ராணுவத்தில் இருக்கிறார்கள். அதனால் பெண்கள் எங்களுக்குத் தலைக்கு மேல் இருக்கும் வானத்தைத் தவிர மற்ற எல்லா வானமும் அத்துப்படி. அசாமில் வெள்ளம் என்றால் பக்கத்து வீட்டுப் பானுப்பிரியாவுக்குச் சோறு இறங்காது. ராஜஸ்தானில் அனல் காற்று என்றால் எதிர்வீட்டுப் பொன்னம்மாள் ஃபேனை நிறுத்திவிட்டு உட்காருவாள். அந்த மனுஷன் அங்கே வேகும்போது எனக்கென்ன காத்து வேண்டிக்கிடக்கு என்பாள். என் பங்குக்கு இமாச்சலம். மலைச்சரிவில் சிக்கியவர்களை மீட்க என் வீட்டுக்காரர் இக்னேஷியஸை அனுப்பியிருந்தார்கள். போன ஞாயிறு பூசைக்குக் கிளம்பும்போது பேசியவர்தான். அதன்பிறகு சத்தமே இல்லை.

போனில் சார்ஜ் சிவப்புக்கு வந்துவிட்டது. அவர் கூப்பிடும் நேரம் பார்த்து இது அணைந்து கிடந்தால் என்ன செய்வது என்ற பயத்தில் லைன்மேன் நாகேந்திரனை அதே போனில் கூப்பிட்டு நச்சரித்துக்கொண்டே இருந்தேன்.

"இன்னாக்கா, வுட்டா நீயே வந்து கம்பத்துல ஏறிருவ போல கீதே," என்றான் கடைசியாக. "ஃபால்ட்டு வேற எடத்துல. பாத்தாச்சு. இதோ குடுத்துர்றேன்."

நிம்மதியாக மாடி ஜன்னலைத் திறந்தேன். ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகள் ஜாஸ்லின் டியூஷனிலிருந்து வரும் நேரம். தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. ஒரு மின்னல் வெட்டியது. எங்கள் வாசலுக்கு நேராக வேப்பங்கிளை ஒன்று முறிந்து லைன் மேல் விழுந்து கிடந்தது. அறுந்த ஒயரின் நுனி தண்ணீருக்குள் இருந்தது.

கரண்ட் வராதவரை அது வெறும் கம்பி. இதோ குடுத்துர்றேன் என்றானே. நான்தானே கேட்டு வாங்கினேன்.

தெருமுனையில் மங்கலாக ஜாஸ்லினின் குடை தெரிந்தது. பள்ளம் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து வந்துகொண்டிருந்தாள். "வராதடி, அங்கயே நில்லு" என்று கத்தினேன். மழை இரைச்சலில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. இறங்கி ஓடலாம் என்றால் படிக்கட்டு முடிகிற இடத்திலேயே அந்தத் தண்ணீர். நாகேந்திரன் நம்பரைத் தேடினேன்.

அப்போது போன் அடித்தது. திரையில் அவர் பெயர்.

மாதாவே, இந்த ஒரு அழைப்புக்காக எத்தனை செபமாலை உருட்டியிருப்பேன். எடுத்து, உயிரோட இருக்கீங்களா என்று மட்டும் கேட்டுவிடலாம். ஆனால் அதற்குப் பிறகு இன்னொருவரைக் கூப்பிட இந்தப் போனில் சார்ஜ் இருக்காது. என் விரல் பச்சைப் பக்கம்தான் போனது. பொய் சொல்லவில்லை. கீழே ஜாஸ்லின், நாலு வீடு தள்ளியிருக்கும் பானுப்பிரியாவின் மாமியார் வீட்டைத் தாண்டிவிட்டாள். சிவப்பை அழுத்தி அவரைத் துண்டித்தேன்.

நாகேந்திரன் எடுத்தான். அவன் பக்கமும் ஒரே இரைச்சல்.

"நாகேந்திரா, கரண்ட் குடுக்காத. எங்க வாசல்ல ஒயர் அறுந்து தண்ணில கெடக்கு. எம்பொண்ணு வர்றா."

"இன்னாக்கா? ஒண்ணுமே கேக்கல. இரு அக்கா, குடுத்துகினே கீறோம்."

"குடுக்காத," என்றேன். அதற்குள் போன் அணைந்துவிட்டது. கடைசி வார்த்தை அவனுக்குக் கேட்டதா என்று தெரியவில்லை.

அந்தச் செத்த போனாலேயே ஜன்னல் கம்பியை ஓங்கி ஓங்கி அடித்தேன். ஜாஸ்லின் நிமிர்ந்து பார்த்துவிட்டாள். நில், நில் என்று கையை வெளியே நீட்டி ஆட்டினேன். கையில் போன் இருந்ததை நான் யோசிக்கவில்லை. அவர் லைனில் இருந்தால் இப்படித்தான் போனை ஆட்டி அவளைக் கூப்பிடுவேன்.

இன்னொரு மின்னலில் அவள் முகம் மலர்ந்தது தெரிந்தது. "அப்பாவாம்மா?" என்று அவள் வாய் அசைவதைப் பார்த்தேன். குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, தண்ணீரை எற்றிக்கொண்டு ஓடிவரத் தொடங்கினாள். அவளுக்குப் பின்னால் மெயின் ரோட்டு விளக்குகள் எரிந்தன. அடுத்து, பக்கத்துத் தெரு.