இரவல் ஓவன்

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மூன்றாவது வாரமே முகுந்தனுக்குப் பிரெஞ்சுச் சமையல் வந்துவிட்டது. அதுவரை அவருக்குத் தெரிந்ததெல்லாம் பாக்கெட் மீ நூடுல்ஸ் காய்ச்சுவதுதான். கைப்பேசியில் ஒரு வெள்ளைக்காரர் க்ரோக் மிஸ்யோ செய்து காட்டினார். ரொட்டிக்கு நடுவில் ஹேம் இறைச்சித் துண்டும் சீஸும், மேலே வெண்ணெயும் மாவும் பாலும் காய்ச்சிய வெள்ளைக் குழம்பு, அதற்கும் மேலே இன்னும் சீஸ். "சாண்ட்விச்சா?" என்று மனைவி குமுதா கேட்டதற்கு, "இல்லலா, இது வேற," என்றார்.

மேல்பக்கம் பொன்னிறமாக வர ஓவன் வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் எதிர்வீட்டு ஜெய்னம்பு அக்காவிடம் ஒன்று இருந்தது. நோன்புப் பெருநாளுக்குக் கிள்ளான் வரைக்கும் பிஸ்கட் செய்து அனுப்புகிறவர். அந்த ஓவன்தான் அவர் பிழைப்பு. ரொட்டி வாட்ட வேண்டும் என்று முகுந்தன் கேட்டதும், யோசிக்காமல் தூக்கிக் கொடுத்தார்.

"நாளைக்குத்தான் எனக்கு வேலை. சாயங்காலம் குடுத்துடு தம்பி."

பதினெட்டு வருஷப் பழக்கம்.

சீஸ் கொப்பளித்து, வழிந்து, கம்பித் தட்டில் சொட்டிக் கருகியது. முகுந்தன் ரசித்துக்கொண்டிருந்தார். குமுதா குப்பைக்கூடையில் கிடந்த உறையை எடுத்துப் படித்தாள்.

"இது பன்னி ஹேம்ங்க."

"ஆமா. சூப்பர்மார்க்கெட்டுல நான்-ஹலால் பக்கம் போயி தேடி எடுத்தேன்," என்றார் பெருமையாக. பிறகு ஓவனைப் பார்த்தார். அது அக்காவுடையது.

"நல்லாக் கழுவிக் குடுத்துடலாம். யாருக்குத் தெரியப்போவுது?" என்றாள் குமுதா. கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொன்னாள்.

முகுந்தனும் பாதி தேய்த்துவிட்டார். எத்தனை வீட்டுப் பெருநாள் மேசைக்கு இதிலிருந்து பிஸ்கட் போகும் என்று நினைத்ததும் கை நின்றது. சொன்னால் அக்காவின் சிநேகம் போகும். சொல்லாவிட்டால் அந்த முகத்தைப் பார்த்துப் பேசவே முடியாது. கையைத் துடைத்துக்கொண்டு எதிர்வீட்டுக் கதவைத் தட்டினார்.

அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"போயி, பன்னி பட்டதைக் கழுவுற செர்து சவுக்காரம் வாங்கிட்டு வா. மண்ணு கலந்தது. எங்க முஸ்லிம் ஆளுங்க கடையில கேளு, இருக்கும்."

ஏழு தடவை கழுவ வேண்டும். அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீர். முகுந்தன் கழுவினார், அக்கா எண்ணினார். நாலா அஞ்சா என்று இவர் தடுமாறியபோது, "நாலு," என்றார். முடிந்ததும் ஓவனை வெயிலில் காய வைக்க எடுத்துப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

க்ரோக் மிஸ்யோ ஆறிப்போய்ச் செருப்புத் தோல் மாதிரி கிடந்தது. தின்னவும் முடியவில்லை, தூக்கிப்போடவும் மனசு வரவில்லை.

"போச்சு குமுதா," என்றார். பதினெட்டு வருஷத்தை ஒரு துண்டு ரொட்டிக்காகத் தொலைத்துவிட்டோமே என்று அவருக்கு நெஞ்சு வலித்தது.

மறுநாள் மத்தியானம் கதவு தட்டும் சத்தம். அக்கா நின்றார். கையில் தட்டு, அதில் சூடாக நாலு பிஸ்கட்.

"முதல் தட்டு. நான் நோன்பு, வாயில வைக்க முடியாது. நீ தின்னு பாத்துச் சொல்லு. சரியா இருந்தாத்தான் மத்ததைப் போடணும்."

முகுந்தன் ஒன்றை வாயில் போட்டார். மென்றுகொண்டே கண்ணைத் துடைத்தார்.

"உப்பு கூடிப்போச்சா?"

"இல்லக்கா. சரியா இருக்கு."

"அப்ப எதுக்கு அழுவுற?" என்று கேட்டுவிட்டு, அக்கா அடுத்த தட்டைப் போடப் போனார்.