கடைசியாக நன்றாக இருந்த நேரம்

எச்சிலைப் பார்த்து முகம் சுளிக்கிறவள் இல்லை நான். பல் கிளினிக்கில் பதினான்கு வருஷமாக உதவியாளர். ரத்தம் ஊறிய பஞ்சு, துப்பிய தொட்டி, சொத்தைப் பல்லின் நாற்றம், எல்லாவற்றையும் கழுவித் துடைத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிட உட்காருவேன். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு எனக்கு என்னை நினைத்தாலே குமட்டுகிறது. எங்கள் டாக்டரை நினைத்தால் அதற்கும் மேல்.

என் அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். பேச்சுதான் பிழைப்பு. கிளட்சை விடு, மெதுவா விடு, கண்ணாடியப் பாரு என்று தூக்கத்தில்கூடப் புலம்புவார் என்று அண்ணி சொல்லிச் சிரிப்பாள். கீழ்த்தாடையில் இடப்பக்கக் கடைவாய்ப் பல் ஒரு மாதமாக அவரைப் படுத்தி எடுத்தது. டாக்டர் என்றால் அவருக்குக் குலை நடுங்கும். நான்தான் தரதரவென்று இழுத்து வந்தேன்.

பத்து மணிக்கு ஊசி. பத்து இருபதுக்குப் பல் வெளியே வந்துவிட்டது. அண்ணன் நாற்காலியிலிருந்து குதித்து இறங்கி, டாக்டரின் கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். அப்போது அவர் நன்றாக இருந்தார். சத்தியமாக நன்றாக இருந்தார்.

பல் பிடுங்கியவர்கள் பஞ்சைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் வெளியே உட்கார வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அந்த வரிசையில் உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் வாய் ஒரு பக்கம் தொங்கும், எச்சில் வழியும், பேச்சு குழறும். கூட வந்தவர்கள் பயந்துபோய்க் கேட்டால், "ஊசி மரப்புதாங்க, ரெண்டு மூணு மணி நேரத்துல போயிடும்" என்பேன். நிமிர்ந்து பார்க்காமலே சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது.

பத்து நாற்பதுக்கு அண்ணனின் இடது கையிலிருந்து போன் நழுவி விழுந்தது. எடுத்துக் கொடுத்தேன். மறுபடியும் விழுந்தது.

"என்னண்ணா, டாக்டர் கைக்கும் ஊசி போட்டுட்டாரா?" என்றேன்.

வரிசையில் இருந்த இரண்டு பேர் பஞ்சோடு சிரித்தார்கள். அண்ணன் ஏதோ சொல்ல வந்தார். கொழகொழவென்று ஒரு சத்தம்தான் வந்தது. டாக்டர் கதவிடுக்கில் எட்டிப் பார்த்து, "பயந்தாங்கொள்ளி. வீட்டுக்குப் போய் தூங்கச் சொல்லு, சரியாயிடும்" என்றார். பதினொன்று பத்துக்கு வாடகைக் காரில் ஏற்றிவிட்டேன். இடது செருப்பு காலோடு போகாமல் வாசலிலேயே கிடந்தது. அதையும் எடுத்து உள்ளே போட்டுக் கதவைச் சாத்தினேன். எனக்கு இருந்தது கண்ணா, புண்ணா?

இரண்டரைக்கு அண்ணி போன் செய்தாள். "இப்பதான் எழுப்புனேன். இடது கை தூக்க வரல. தண்ணி குடுத்தா வழியுது. இதுவும் ஊசியா?"

தாடையில் போட்ட ஊசி தாடையோடு நிற்கும். கைக்கு வராது, காலுக்கு வராது. இது எனக்குத் தெரியாத சங்கதியா?

"தண்ணி குடுக்காதீங்க அண்ணி, புரை ஏறிடும். சிரிக்கச் சொல்லுங்க. வாய் ஒரு பக்கமா இழுக்குதா?"

"இழுக்குது."

"பக்கவாதம் அண்ணி. ஆம்புலன்ஸக் கூப்பிடுங்க, நான் ஆஸ்பத்திரிக்கு வந்துடறேன்."

டாக்டரிடம் சொல்லிவிட்டு ஓடினேன். அண்ணனை ஸ்கேனுக்குக் கொண்டுபோயிருந்தபோது கிளினிக்கிலிருந்து டாக்டரே போனில் கூப்பிட்டார்.

"கேட்டா, நம்ம கிளினிக்க விட்டுக் கிளம்பும்போது நல்லாத்தான் இருந்தார்னு சொல்லிடு. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

பின்னால் எச்சில் உறிஞ்சும் குழாயின் சத்தம் கேட்டது. யாரோ வாயைப் பிளந்தபடி கிடக்க, அந்த வாய்க்கு மேலே நின்றுகொண்டு இந்த ஆள் பேசுகிறார். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. சீ, இதுவும் ஒரு ஜென்மம். போனை வைத்துவிட்டேன்.

ஸ்கேன் முடிந்து அண்ணனைக் கட்டிலோடு வெளியே கொண்டுவந்தபோது மூன்று மணி ஐந்து நிமிஷம். சின்ன வயசுப் பெண் டாக்டர் ஒருத்தி வேகமாக வந்தாள்.

"மூளைக்குப் போற ரத்தக்குழாய்ல அடைப்பு. சின்னக் குழாய், கம்பி விட்டு எடுக்க முடியாது. கரைக்க மருந்து இருக்கு, ஆனா கடைசியா நல்லா இருந்த நேரத்துலேர்ந்து நாலரை மணி நேரத்துக்குள்ள போடணும். இவரு கடைசியா நல்லா இருந்தத யார் பாத்தீங்க? எத்தன மணிக்கு?"

அண்ணி என் கையைப் பிடித்தாள். "நீதான கார்ல ஏத்திவிட்ட? பதினொண்ணு பத்துன்னு சொன்னியே, சொல்லு."

பதினொன்று பத்து என்றால் இன்னும் அரை மணிக்கு மேல் இருக்கிறது. மருந்து போடுவார்கள். அண்ணன் பேசலாம். கிளினிக்கின் பேரும் கெடாது. எந்தப் பொய்யைக் கேட்டுக் காறித் துப்ப நினைத்தேனோ, அதே பொய் என் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்திருந்தது.

"நேரம் தாண்டிப் போட்டா?" என்று கேட்டேன்.

"மூளைக்குள்ள ரத்தம் கசியலாம். உயிருக்கே ஆபத்து. அதனாலதான் சரியான நேரத்தக் கேக்கறேன்."

"பத்து இருபது" என்றேன். "பத்து நாற்பதுக்குக் கையில போன் நிக்கல. பேச்சும் குழறுச்சு."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். எழுதிக்கொண்டாள். "அப்போ ரெண்டு அம்பதோட நேரம் முடிஞ்சுடுச்சு. அந்த மருந்து போட முடியாது. மத்த வைத்தியத்த இப்பவே ஆரம்பிக்கறோம். பயிற்சி குடுத்துப் பாக்கலாம். எவ்வளவு திரும்பும்னு இப்போ சொல்ல முடியாது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அண்ணி என் கையை விட்டாள்.

"அப்போ நீ பாத்திருக்க."

"பாத்தேன் அண்ணி."

அவள் கட்டிலின் அந்தப் பக்கம் போய் உட்கார்ந்து, அண்ணனின் இடது கையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எனக்கும் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. நான் உட்காரவில்லை.