சிவப்புக் கண் திருத்தம்

அந்த வரியைப் படித்ததிலிருந்து டாக்டரின் அறைக்கதவு திறக்கும்வரை அறுபத்தைந்தரை மணி நேரம். வெள்ளிக்கிழமை மாலை நாலு பத்துக்கு ஆரம்பித்தது.

அதற்கு முன் இரண்டு நாளாக அந்த வரி என் திரையில்தான் இருந்தது. ஒரு கண் மருத்துவமனைக்கு இணையதளம் செய்துகொண்டிருந்தேன். அவர்கள் அனுப்பிய வாசகங்களைப் பக்கங்களில் பொருத்த வேண்டும். எழுத்தின் அளவு பார்த்தேன், வரிகளுக்கு நடுவே இடைவெளி பார்த்தேன். அர்த்தம் பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை, செல்போன் அளவில் அந்த வரி மடிந்து கடைசிச் சொல் மட்டும் தனியாகக் கீழே விழுந்தது. அதைச் சரிசெய்ய முதலிலிருந்து வாசித்தேன்.

‘ஃப்ளாஷ் போட்டு எடுத்த படத்தில் குழந்தையின் ஒரு கண்ணின் கருமணி மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.’

என் அக்கா மகளுக்கு இரண்டு வயது. வீட்டில் வாண்டு என்போம். போன ஞாயிறு எடுத்த படங்கள் லேப்டாப்பில் இருந்தன. ஒன்றைத் திறந்து பெரிதாக்கினேன். வலது கண் சிவப்பு. இடது கண் வெள்ளை.

மேலாளரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு நேராக அக்கா வீட்டுக்குப் போனேன்.

எனக்கு எந்த ஆசையும் நெடுநாள் நிற்காது. அக்கா வைத்த பட்டம் ஆரம்ப சூரி. கேமரா வாங்கிய புதிதில் பல் தேய்ப்பவரைக்கூட விடவில்லை. பிறகு எழுத்துருக்கள் பைத்தியம். கடைப் பலகைகளைப் பார்த்து முகம் சுளித்தபடி நடப்பேன். பிறகு பூந்தொட்டியில் ஒரு கருவி பொருத்தினேன். மண் காய்ந்தால் செல்போனுக்குச் செய்தி வரும்.

“செடி செத்து ரெண்டு மாசமாச்சு, இன்னும் தண்ணி கேட்டு மெசேஜ் மட்டும் வருது” என்று அத்தான் போவோர் வருவோரிடமெல்லாம் சொல்வார்.

நின்று நிலைத்தது ஒன்றுதான், குடும்பப் பக்கம். சொந்தக்காரர்கள் பார்ப்பதற்காக நான் செய்த சின்ன இணையதளம். ஃப்ளாஷில் எல்லோர் கண்ணும் சிவந்து தெரியும். “என்னம்மா, குடும்பத்தையே பேய் பிடிச்ச மாதிரி எடுத்திருக்கே” என்றார் அத்தான். சிவந்த கண்ணைத் தேடிக் கறுப்பாக்க ஒரு நிரல் எழுதினேன். நன்றாகவே வேலை செய்தது, வாண்டுவின் இடது கண்ணைத் தவிர. அங்கே சிவப்பே இல்லாததால் நிரல் அதை விட்டுவிட்டது. நிரலில் பிழை என்று நினைத்தேன். திருத்தச் சோம்பல். படத்தை நானூறு சதவீதம் பெரிதாக்கிக் கையாலேயே கறுப்படித்தேன். கண்ணுக்கு உயிர் வேண்டும் என்று ஓரத்தில் ஒரு ஒளிப்புள்ளியும் வைத்தேன்.

ஒவ்வொரு முறையும்.

இதைத்தான் அக்காவிடம் சொல்லப் போனேன். போன ஞாயிற்றுப் படத்தை முதலில் காட்டினேன். படித்த வரியைச் சொன்னேன். அவள் வாண்டுவை ஜன்னல் பக்கம் தூக்கிப்போய்க் கண்ணையே பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. மருத்துவமனைக்குப் போன் செய்தாள். திங்கள் காலைதான் கிடைத்தது. பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பெத்தவ நான், தினமும் மூஞ்சி கழுவி விடறேன், எனக்குத் தெரியல. நல்லவேளை நீ பாத்தேடி.”

வாயைத் திறந்தேன். தண்ணீர் வேண்டும் என்று கேட்டேன்.

சனிக்கிழமை மதியம் பழைய படங்களின் திருத்தாத மூலப் பிரதிகளைத் திறந்தேன். மூலத்தை அழிக்காதே என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். தேதி வாரியாக அடுக்கினேன். வெள்ளைக் கண் பத்தொன்பது படங்களில் இருந்தது. முதல் படத்தின் தேதியை இரண்டு முறை சரிபார்த்தேன். பத்தொன்பதையும் செல்போனுக்கு மாற்றினேன். பார்த்தால் ஒரே குழந்தையின் பத்தொன்பது சிரிப்பு.

ஞாயிறு அத்தான் கூப்பிட்டார். குரல் தெளிவாக இருந்தது.

“குடும்பப் பக்கத்தை முழுசா அலசிட்டேன். போன மாசப் படம், அதுக்கு முந்தின மாசம், எல்லாத்துலயும் கண்ணு கருகருன்னு அழகா இருக்கு. இப்ப புதுசா வந்ததுதான். சீக்கிரமே புடிச்சுட்டோம். உங்க அக்கா நேத்துலேர்ந்து சாப்பிடல, இதைக் காட்டினதும்தான் சாப்பிட்டா. உன் ஆரம்ப சூரத்தனமும் ஒரு நாள் உதவுது பாரு!”

“அத்தான்...”

“சொல்லும்மா.”

“நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?”

திங்கள் ஒன்பது நாற்பதுக்கு உள்ளே கூப்பிட்டார்கள். நான் கதவோரம் நின்றேன். டாக்டரம்மா விளக்கை அணைத்துவிட்டு, சின்னக் கருவியின் ஒளியை வாண்டுவின் கண்ணில் பாய்ச்சினார். யாரோ படம் எடுக்கிறார்கள் என்று நினைத்து வாண்டு ஈயென்று சிரித்தாள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. வலது கண்ணை ஒரு முறை பார்த்தார். இடது கண்ணை மூன்று முறை பார்த்தார்.

விளக்கு எரிந்தது.

“சொட்டு மருந்து விட்டு உள்ளே நல்லா பாக்கணும். ஸ்கேனும் வேணும். பாக்காம எதுவும் சொல்ல மாட்டேன்” என்றார். “இது எப்பலேர்ந்து இருக்கு? அது எனக்கு முக்கியம்.”

அத்தான் இதற்காகவே காத்திருந்தவர்போலச் செல்போனை நீட்டினார். “ஒரு வாரம்தான் டாக்டர். இதோ, போன மாசப் படம். நீங்களே பாருங்க.”

அவர் வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். நான் வைத்த ஒளிப்புள்ளி இங்கிருந்தே தெரிந்தது. அவர் நெற்றி சுருங்கியது.

“ரெண்டு கண்ணும் சரியாத்தான் இருக்கு. ஆச்சரியமா இருக்கு. அப்போ ஒரு மாசத்துக்குள்ள வந்ததுன்னு எழுதிக்கவா?”

பேனாவின் மூடியைத் திறந்தார். அக்கா தலையாட்டினாள். வாண்டு அவள் மடியிலிருந்து என்னைப் பார்த்து, “சித்தி, இன்னொண்ணு” என்றாள்.

பேனா தாளைத் தொட்டது.

“எழுதாதீங்க” என்றேன். குரல் வேறு யாருடையதோபோல இருந்தது. மூவரும் திரும்பினார்கள். என் செல்போனில் முதல் படத்தைத் திறந்து மேசைமேல் வைத்தேன். அக்கா வீட்டுக் கூடம். நாற்காலியை விட்டுவிட்டு வாண்டு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறாள்.

“பதினோரு மாசம், டாக்டர். இவ நடக்க ஆரம்பிச்ச வாரத்துலேர்ந்து இருக்கு. எல்லாப் படத்துலயும் வெள்ளையாத்தான் இருந்துச்சுக்கா. அசிங்கமா தெரியுதுன்னு நான்தான் கறுப்படிச்சேன்.”