பொட்டு வைத்த பந்து

ஆயுத பூஜை முடிந்து நான்காம் நாள், நான் பள்ளம் வெட்டிய முப்பத்தெட்டு கியர் டிரம்மும் குப்பைக்குத்தான் என்றார் எங்கள் குவாலிட்டி மேனேஜர் தேவநாதன். கூடவே நானும் வீட்டுக்குப் போகவேண்டியதுதானாம். ஆறு வருஷமாக நான் கான்ட்ராக்ட். வரும் திங்கட்கிழமை நிரந்தரப் பட்டியலில் என் பேர் ஏறவேண்டும். கண்டமங்கலத்தில் விடியுமுன்னே கிளம்பி, விழுப்புரத்தில் பஸ் மாறி, திண்டிவனத்தில் கம்பெனிக்கு வந்து சேருகிறவள் நான். அவர் விழுப்புரத்திலிருந்து காரில் வருகிறார், அதனால் அவருக்கு எல்லாம் தெரியும்.

மோட்டார் சைக்கிளில் கியர் மாற்றுகிற உருளைதான் இந்த டிரம். அதன் உடம்பைச் சுற்றிச் சாய்வாக ஒரு பள்ளம் ஓடும். அகலம் ஆறு மில்லிமீட்டர். தலைமுடியின் பருமனில் பாதி கூடினாலும் தொலைந்தது.

“எல்லாமே அகலம் ஜாஸ்தி, கலைப்பிரியா. அளக்குற மிஷின் பொய் சொல்லாது.”

“அளவு பாக்கிற தடி கேஜ் பின்னு உள்ளயே போவலியே சார்! பள்ளம் அகலமா இருந்தா பூந்துடாதா? முப்பத்தெட்டுலயும் போட்டுப் பாத்துட்டேன்.”

“உன் கம்பி எங்க, ஏசி ரூம்ல இருக்கிற மிஷின் எங்க? சென்னையில மூணு நாள் டிரெயினிங் எடுத்தவன் நான்.”

மூணு நாள்! என் மாமியார் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் பத்து நாள் படுத்திருந்தார். டாக்டராகவா திரும்பி வந்தார்?

நேரே முதலாளி பாண்டுரங்கனிடம் போனேன். “என் கண்ணு முன்னால ஒருவாட்டி அளந்து காட்டச் சொல்லுங்க சார்” என்றேன். மூவரும் செருப்பைக் கழற்றிவிட்டு அளவு அறைக்குள் போனோம்.

அளக்கும் முன் அந்த மிஷினின் ஊசி, மேசையில் நிற்கும் ஒரு வெள்ளைப் பந்தைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கும். பந்தின் அளவு மிஷினுக்கு முன்பே தெரியும். அதை வைத்து ஊசிமுனையின் பருமனைக் கணக்கிடும். பிறகு எந்தப் பள்ளத்தை அளந்தாலும் அந்தப் பருமனைச் சேர்த்துத்தான் சொல்லும்.

பந்தைப் பார்த்தேன். அடப் பாவி மனுஷா! உச்சியிலும் நாலு பக்கமும் சந்தனம், அதன்மேல் குங்குமம். காய்ந்து பொருக்காக ஒட்டியிருந்தது. ஊசி போய்ச் சந்தனத்தைத் தொட்டது. திரையில் சிவப்பாக எச்சரிக்கை வந்தது. தேவநாதன் ஓகேயை அமுக்கினார்.

“இன்னா சார் அது?”

“நாலு நாளா வந்துக்கினு இருக்கு. ஓகே குடுத்தா போயிடும்.”

“அதில்ல சார். பந்து மேல?”

“பூஜைப் பொட்டு. தானா உதிர்ற வரைக்கும் துடைக்கக் கூடாது. அபசகுனம்.”

ஊசிமுனை தடித்துவிட்டதாக மிஷின் நம்பி, சந்தனத்தின் தடிமனை என் பள்ளம் ஒவ்வொன்றிலும் ஏற்றிக்கொண்டிருந்தது. என் பிழைப்பில் மண் விழுந்தால் மட்டும் அது நல்ல சகுனமா? எனக்கு வந்த கோபத்தில் துப்பட்டா நுனியை நனைத்துப் பந்தை அழுத்தித் துடைத்தேன்.

“ஐயையோ!” என்றார் தேவநாதன்.

“நல்லா தொடைம்மா” என்றார் முதலாளி.

ஊசியை மறுபடி பந்தைத் தொடவிட்டு, எல்லாவற்றையும் திரும்ப அளந்தார்கள். சாயங்காலத்துக்குள் முப்பத்தெட்டும் பச்சை. முதலாளி அங்கேயே பட்டியலை வரவழைத்து என் பேரை எழுதிக் கையெழுத்துப் போட்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் வெளியே போனதும் தேவநாதன் மேசை டிராயரிலிருந்து குங்குமச் சிமிழை எடுத்தார்.

“துடைச்சது தோஷம். சின்னதா ஒண்ணு வச்சிடறேன்” என்று பந்தை நோக்கி விரலை நீட்டினார்.

சிமிழைப் பிடுங்கி அவர் பக்கமே திருப்பி நீட்டினேன்.

“உங்க நெத்தியில வச்சிக்கோங்க சார். அங்க எதையும் அளக்கிறதில்ல.”